கருவி வாங்கியாயிற்று, காப்பாற்றுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத்தில் புதிய ஆய்வு மையம் திறந்தால் கருவியின் விலை, திறந்து வைத்தவர் பெயர், ரிப்பன் வெட்டும் படம் ஆகியவற்றோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஐந்தாம் ஆண்டில் அதே கருவி ஓடுகிறதா, துணி போர்த்திக் கிடக்கிறதா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூட வசதிகளையும் கருவிகளையும் பராமரிக்கும் வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அறை, மின்சாரம், ஆள், பணம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று சரியில்லாமல்தான் நல்ல கருவிகளும் முடங்குகின்றன. இந்த நான்கையும் கொள்முதல் ஆணையில் கையெழுத்துப் போடும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எதுவும் பிறகு நடப்பதில்லை.

முதலில் அறை. கருவி வந்து இறங்கும் மரப்பெட்டி கருவியைவிடப் பெரியது. வாசல் அகலம், நடைபாதைத் திருப்பம், லிஃப்டும் தரையும் தாங்கும் எடை ஆகியவற்றை உற்பத்தியாளர் தரும் இட ஆயத்தக் குறிப்போடு ஒப்பிட்டு ஒருவர் நேரில் போய் அளக்க வேண்டும். வரைபடத்தை நம்பி ஆர்டர் போட்டால், கதவின் நிலைச்சட்டம் தின்றுவிட்ட நாலு சென்டிமீட்டருக்காகச் சுவரை உடைக்க நேரும். எலக்ட்ரான் நுண்ணோக்கியை லிஃப்டுக்கோ மின்மாற்றிக்கோ பக்கத்தில் வைத்தால் அதிர்வும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலமும் படத்தைக் கலைத்துவிடும். அதன்பின் எத்தனை முறை சர்வீஸ் பொறியாளரை வரவழைத்தாலும் கருவியில் குறை அகப்படாது.

அறையின் வெப்பக் கணக்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதே இல்லை. ஆய்வு மாதிரிகளை உறைய வைத்துக் காக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், பழைய வகையானால், நாளொன்றுக்கு 20 கிலோவாட்-மணி மின்சாரம் எடுக்கும். எடுத்தது முழுவதும் அறைக்குள் வெப்பமாக வெளிவரும். பத்து ஃப்ரீசர்களை ஒரே அறையில் நிறுத்தினால் இரவு பகலாக 8 கிலோவாட்டுக்கு மேல் அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றுவது 3.5 கிலோவாட். ஆக இதற்கு மட்டுமே இரண்டரை டன் தேவை. ஒன்று பழுதானால் மற்றது தனியாகத் தாங்கும்படி அதே திறனில் இரண்டு வேண்டும். ஏ.சி. நின்றால் அறை சூடேறும், கம்ப்ரசர்கள் கூடுதலாக உழைக்கும், அதனால் அறை இன்னும் சூடேறும். ஃப்ரீசர் பழுது என்று பதிவேட்டில் எழுதப்படுவதில் சில, உண்மையில் ஏ.சி. பழுது.

மின்சாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். நுண்கருவிகளின் குறிப்பேட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1 அல்லது 2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று போட்டிருக்கும். எர்த் குழியின் மின்தடை மண் காயும்போது கூடும். நியூட்ரல் வோல்ட்டேஜ் கட்டடத்தில் சுமை ஏறும்போது கூடும். குழி தோண்டிய வாரத்தில், கட்டடம் காலியாக இருக்கையில் அளந்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பதில் பொருளில்லை. வறண்ட பருவத்தில், முழுச்சுமை நேரத்தில் அளக்க வேண்டும். அடுத்தது, கணினிக்கு அளவெடுத்து வாங்கிய யு.பி.எஸ்.ஸில் வெற்றிட பம்பை மாட்டுவது. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும், யு.பி.எஸ். ஓவர்லோடு ஆகிக் கைவிட்டுவிடும். யு.பி.எஸ். பேட்டரியின் ஆயுளோ 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும். அதை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு ஐந்து ஆண்டு உழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஜெனரேட்டரைச் சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவதைச் சோதனை என்று பல இடங்களில் பதிவு செய்கிறார்கள். மாதம் ஒருமுறையாவது மெயினை அணைத்து, உண்மையான சுமை தானாக ஜெனரேட்டருக்கு மாறுகிறதா என்று பார்ப்பதே சோதனை. மின்சாரம் திரும்பும் கட்டத்தையும் கவனிக்க வேண்டும். எல்லா கம்ப்ரசரும் ஒரே நொடியில் கிளம்பினால் பிரேக்கர் விழும். கட்டடம் முழுக்க விளக்கு எரியும்; ஃப்ரீசர் மட்டும் அணைந்து கிடக்கும். தாமதத் தொடக்க வசதி உள்ள ஃப்ரீசர்களில் ஒன்றுக்கு 2 நிமிடம், அடுத்ததற்கு 4, அதற்கடுத்ததற்கு 6 என்று மாற்றி வைத்தால் இது நேராது. இதற்குச் செலவே கிடையாது.

ஃப்ரீசரின் அன்றாடப் பராமரிப்பு எளிது. கண்டென்சர் ஃபில்டரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டிக் கழுவ வேண்டும். கதவு கேஸ்கெட்டில் (கதவைக் காற்றுப்புகாமல் மூடும் ரப்பர் விளிம்பில்) படியும் பனியை மென்மையான பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். கத்தி பட்டால் கேஸ்கெட் கிழியும், கிழிந்த இடத்தில் இன்னும் பனி பிடிக்கும். பின்புறமும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். அலாரத்தின் உள் பேட்டரியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாதிரிகளுக்குப் பாதகமில்லை என்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டால் மைனஸ் 80-ஐ மைனஸ் 70 ஆக்கலாம்; மின்சாரம் சுமார் 30 சதவீதம் குறையும், கம்ப்ரசரின் ஆயுளும் கூடும். எந்தப் பெட்டியில் யாருடைய மாதிரி என்ற பட்டியல் ஃப்ரீசருக்கு வெளியே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு குழாயைத் தேடக் கதவைப் பத்து நிமிடம் திறந்து வைப்பார்கள்.

பேரிழப்புகள் நேர்வது அலாரத்தில். 2012-இல் அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் இருந்த ஹார்வர்ட் மூளைத் திசு மையத்தில் ஒரு ஃப்ரீசர் நின்று, ஆட்டிசம் ஆய்வுக்கானவை உட்பட ஏறத்தாழ 150 மூளை மாதிரிகள் சேதமாயின. அலாரம் ஒலிக்கவில்லை, வெளியே இருந்த திரை உள்ளே உறைகுளிர் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. 2020-இல் அமெரிக்காவின் ரென்சலியர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் நேர்ந்தது இதற்கு நேரெதிர். அலாரம் விடாமல் ஒலித்ததால் துப்புரவுப் பணியாளர் ஒருவர் பிரேக்கரை மாற்றித் தள்ளிவிட்டார், இருபது ஆண்டு கால ஆய்வுப் பொருள்கள் கெட்டன என்று அந்நிறுவனம் தொடுத்த வழக்கில் கூறப்பட்டது. 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது, சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 16 குளிர்கலன்களுக்குத் திரவ நைட்ரஜன் வருவது நின்றது. நான்கு நாள் தாங்கக்கூடிய கலன்கள் ஐந்து நாள் நைட்ரஜன் இல்லாமல் இருந்தன.

மூன்றும் வசதியான நாடுகளில், பெயர்பெற்ற இடங்களில் நடந்தவை. இவற்றிலிருந்து செய்ய வேண்டியது தெளிவாகவே தெரிகிறது. ஃப்ரீசரின் சொந்தத் திரையை நம்பாமல், தனிப் பேட்டரியில் இயங்கும் வேறொரு வெப்ப உணரியை உள்ளே வைத்து, அது கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும்படி செய்ய வேண்டும். ஃப்ரீசர் பிரேக்கருக்குப் பூட்டுப் போட வேண்டும். அலாரம் ஒலித்தால் யாரை அழைப்பது என்று துப்புரவுப் பணியாளரும் காவலரும் படிக்கும் மொழியில், பெரிய எழுத்தில், கதவிலேயே ஒட்ட வேண்டும்; அவர்களை அழைத்து ஒருமுறை நேரில் விளக்கவும் வேண்டும். அழைப்பு மூவருக்குப் போக வேண்டும், முதலாமவர் பதினைந்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. நீண்ட விடுமுறைக்கு முன் அலாரத்தை வேண்டுமென்றே ஒலிக்கச் செய்து யார் எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒரு ஃப்ரீசரை எப்போதும் காலியாக, குளிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். இடம் பற்றாது என்று முதலில் ஆக்கிரமிக்கப்படுவது இந்தக் காலி ஃப்ரீசர்தான், அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் இருப்பதால் எல்லோரும் குளிர்க்காயத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். மூச்சுத்திணறல் அதைவிட ஆபத்து. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. கலன் உள்ள அறையில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்கும் உணரி வேண்டும். உணரிக்கும் ஆயுள் உண்டு, பல வகைகளை இரண்டு ஆண்டில் மாற்றியாக வேண்டும். அறைக்கு வெளியிலும் அதன் அளவு தெரிய வேண்டும். கலனை லிஃப்டில் ஏற்றினால் ஆள் உடன் ஏறக் கூடாது. பாதுகாப்பு வால்வு கசிகிறது என்று அதை அடைப்பவர்களுக்காக ஒரு தகவல்: 2006-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் வெடித்த நைட்ரஜன் கலனில் அழுத்த வால்வும், அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வாயுவை வெளியேற்றும் வெடிதகடும் இருக்க வேண்டிய இடங்களில் உலோக அடைப்பான்கள் இருந்தன. வாயு சிலிண்டர்களை உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் சங்கிலியால் கட்டுவதும், நகர்த்தும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. செய்யாமல் விடுவதுதான் சிக்கல்.

நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டின் முகப்பில் காற்று நொடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். அதிகமானால் நல்லது என்று நினைத்து விசிறியைக் கூட்டினால் சுழல் உண்டாகி நச்சுப்புகை வெளியே வரும். பின்புறத் துளைகளை மறைத்துப் பாட்டில்களை அடுக்கினாலும் அதே கதை. ஆண்டுதோறும் அளந்து, அளந்த தேதியை ஒட்ட வேண்டும். கிருமிகளைக் கையாளும் உயிரிப் பாதுகாப்புப் பெட்டியை ஃபியூம் ஹூட்டாகப் பயன்படுத்துவது இன்னொரு பெரிய தவறு. அதன் ஹெப்பா ஃபில்டர் துகள்களைப் பிடிக்கும், கரைப்பானின் ஆவியைப் பிடிக்காது. நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் ஒட்டும் நாடா கறுத்துவிட்டால் கிருமிநீக்கம் முடிந்தது என்று நம்புகிறார்கள். நாடாவின் நிறம் அது சூடுபட்டதற்கு மட்டுமே சான்று. இறுகக் கட்டிய கழிவுப் பைக்குள் நீராவி நுழைவதில்லை; 121 டிகிரியில் இருபது நிமிடம் வெறும் கண்ணாடிப் பொருளுக்குப் போதும், நிறைந்த பைக்கு 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆகும். வெப்பம் தாங்கும் பாக்டீரியாவான ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸின் வித்துகள் உள்ள குப்பியைச் சுமையின் நடுவில் வைத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் எந்திரத்தைவிட, குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டாருக்கே தனிப் பதிவேடு வேண்டும்: வாங்கிய நாள், எத்தனை முறை, எந்த வேகத்தில் ஓடியது. அலுமினிய ரோட்டாரில் உப்புக் கரைசல் சிந்திக் காய்ந்தால் அரிப்புக் குழி விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். காரம் மிகுந்த சோப்புக் கரைசலும் அதை அரிக்கும். நடுநிலையான சோப்பில் கழுவி, துடைத்து, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். உற்பத்தியாளர் சொன்ன ஆயுள் முடிந்ததும் வேகத்தைக் குறைக்கவோ ரோட்டாரை ஒதுக்கவோ தயங்கக் கூடாது. பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது என்ற வாதம் இங்கே செல்லாது.

தூய நீர்க் கருவியில் கார்பன் ஃபில்டரை மாற்றத் தவறினால் குளோரின் ஆர்.ஓ. சவ்வைக் கெடுத்துவிடும், மலிவான ஃபில்டருக்காக விலையுயர்ந்த சவ்வு போகும். திரையில் மிகத் தூய நீருக்கான மின்தடை அளவான 18.2 மெகா ஓம்-செ.மீ. காட்டினாலும் அதில் பாக்டீரியா இல்லை என்று பொருளில்லை. கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டுக்குக் கருவியின் விலையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதாவது பத்தாண்டில் இன்னொரு கருவியின் விலை. நிதி தரும் திட்டங்களில் வாங்குவதற்குப் பணம் இருக்கும், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகான ஆண்டுகளுக்கு இருக்காது. விலை பேசும் மேசையில்தான் நமக்கு வலு அதிகம். ஆகவே ஐந்தாண்டுப் பராமரிப்பு, உதிரிபாக விலைப்பட்டியல், பொறியாளர் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் ஆகியவற்றை அங்கேயே எழுதி வாங்க வேண்டும். எல்லாக் கருவிக்கும் முழு ஒப்பந்தம் போடுவதும் வீண். பி.எச். மீட்டருக்கும் குலுக்கிக்கும் தேவையில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத் தேவை.

கடைசியாக ஆள். ஒரு கருவிக்கு ஒரு ஆய்வு மாணவர் பொறுப்பு என்ற ஏற்பாடு அவர் பட்டம் பெற்றுப் போகும் நாளோடு முடிந்துவிடும். நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர் வேண்டும். அவருக்கு உற்பத்தியாளரிடம் பயிற்சி, பயிற்சி பெறாதவரைக் கருவியில் அமரவிடாத அதிகாரம், பேராசிரியர் கேட்டாலும் முடியாது என்று சொல்லும் உரிமை ஆகியவை வேண்டும். முன்பதிவும் மணிக்கணக்குப் பதிவும் இருந்தால் எந்தக் கருவி ஓடுகிறது, எது சும்மா நிற்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். இரண்டு துறைகள் ஒரே கருவியை அடுத்தடுத்த மாடியில் வாங்குவதும் நிற்கும்.

உங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திறப்பு விழாவில் விலையோடு இவற்றையும் கேட்டு எழுதுங்கள்: உத்தரவாதம் முடிந்த பிறகான ஆண்டுகளுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்? இதே நிறுவனத்தில் முன்பு வாங்கிய கருவி கடந்த ஆண்டு எத்தனை மணி நேரம் ஓடியது? விடுமுறை நாளில் நள்ளிரவு அலாரம் அடித்தால் யார் பெயருக்கு அழைப்பு போகும்? மூன்றாவது கேள்விக்கு ஒரு குழுவின் பெயரைப் பதிலாகச் சொன்னால், யாருக்கும் போகாது என்றே எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூட வசதிப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்