பலன் எதிர்பாராதவர்களுக்கு முதல் நன்றி

அன்புடையீர்,

வணக்கம்.

இதயநோய்த் தடுப்பு குறித்த எங்கள் ஆய்வின் களப்பணியும், அதனுடன் சேர்ந்தே நடந்த செவிலியர், மருந்தாளுநர், சுகாதாரப் பணியாளர் பயிற்சியும் நிறைவடைந்துவிட்டன. ஆய்வுகளில் நன்றி சொல்வதற்கென்று ஓர் இடம் உண்டு: கட்டுரையின் கடைசிப் பக்கம், பொடி எழுத்து, நான்கு வரி. அதை யாரும் படிப்பதில்லை. அதில் பெயர் உள்ளவர்கள்கூடத் தங்கள் பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது அந்த நான்கு வரியில் அடங்காது.

முதல் நன்றி ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கு.

குலுக்கலில் உங்களுக்கு விழுந்தது வழக்கமான சிகிச்சை மட்டுமே. மற்ற குழுவுக்குக் கிடைத்த கூடுதல் சந்திப்புகளோ, தொலைபேசி நினைவூட்டலோ, செவிலியரின் தனி ஆலோசனையோ உங்களுக்குக் கிடையாது. ஆனாலும் அழைத்தபோதெல்லாம் வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "எனக்கென்று நீங்கள் ஒன்றும் செய்யவில்லையே, நான் எதற்கு வர வேண்டும்?" என்று உங்களில் ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அன்று வாசலில் நின்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன்.

இரத்த அழுத்தம் உயர்வாக இருக்கிறது என்பதற்காகவே ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களை மறுபடி அளந்தால், எதுவும் செய்யாமலேயே பலருக்கு அளவு இறங்கியிருக்கும். முதல் நாள் பதற்றம் தணிந்திருக்கும். உயர்ந்திருந்த அளவு தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருக்கும். இந்த இறக்கத்தையும் சேர்த்து "எங்கள் பயிற்சியின் வெற்றி" என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி முடிதிருத்தகங்களில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் கடைக்கே சென்று மருந்து கொடுத்துக் கவனித்த ஆண்களுக்கு ஆறு மாதத்தில் மேல் அளவு (120/80 என்று எழுதும்போது முதலில் வரும் எண்; பாதரச மில்லிமீட்டரில் சொல்வது) சராசரியாக 27 மில்லிமீட்டர் குறைந்தது. முடிதிருத்துநரின் அறிவுரை மட்டுமே பெற்ற ஒப்பீட்டுக் குழுவிலும் 9 மில்லிமீட்டர் குறைந்தது. அந்த 9-ஐ யாரும் அளக்காமல் விட்டிருந்தால், மருந்தாளுநர்களின் பணிக்கு உரியது எவ்வளவு என்பது தெரிந்தே இருக்காது. எங்கள் ஆய்வில் அந்த வேலையைச் செய்தவர்கள் நீங்கள்தான்.

உங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 1948-இல் தொடங்கிய ஆய்வுக்காக அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 ஆண்களும் பெண்களும் இப்படித்தான் கையை நீட்டினார்கள். அங்கே யாருக்கும் புதிய மருந்து தரப்படவில்லை. பரிசோதித்து, குறித்துக்கொண்டு, அறிக்கையை அவரவர் குடும்ப மருத்துவருக்கு அனுப்பினார்கள், அவ்வளவே. வயதானால் இரத்த அழுத்தம் கூடுவது இயற்கை, அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் அது. உயர் இரத்த அழுத்தமும் கூடுதல் கொலஸ்ட்ராலும் புகைப்பழக்கமும் மாரடைப்புக்கு வழி திறக்கின்றன என்று இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள் என்றால், அதில் பெரும்பங்கு அந்த ஊர்க்காரர்கள் விடாமல் வந்துபோனதற்கு உண்டு. 1971-இல் அவர்களுடைய பிள்ளைகளும், 2002-இல் பேரப்பிள்ளைகளும் ஆய்வில் சேர்ந்தார்கள்.

ஆய்விலிருந்து பாதியில் விலகியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்லாமல் நின்றுவிட உங்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஒப்புதல் படிவத்திலேயே அது எழுதியிருக்கிறது. ஆனாலும் உங்களில் சிலர் காரணம் சொல்லிவிட்டுப் போனீர்கள். வேலை நேரத்தில் வரச் சொன்னால் அன்றையக் கூலி போகிறது என்றார் ஒருவர். கேள்வித்தாள் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது என்றார் ஓர் அம்மையார். அவர் சொன்ன கேள்விகளை நாங்கள் உட்கார்ந்து படித்துப் பார்த்தோம். உண்மைதான், விசாரணைதான். அடுத்த சுற்றில் அவை வேறு தொனியில் கேட்கப்பட்டன. அம்மா, நீங்கள் இதைப் படித்தால் அந்தத் திருத்தம் உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி அளந்தவர்கள். இந்த மடலில் நான் மிக அதிகமாகக் கடன்பட்டிருப்பது இவர்களிடம்.

இரத்த அழுத்தம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்று ஊரே நினைக்கிறது. மருத்துவத் துறையும் அப்படித்தான் நினைக்கிறது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 159 மருத்துவ மாணவர்களை அளந்து காட்டச் சொன்னார்கள். கவனிக்க வேண்டிய 11 அம்சங்களையும் சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். சராசரி மாணவர் சரியாகச் செய்தது நான்கு. பயிற்சியின் முதல் வகுப்பில் இதைச் சொன்னபோது பலர் சிரித்தார்கள். பிறகு ஒருவருக்கொருவர் அளந்து பார்த்தபோது சிரிப்பு அடங்கியது.

அளவு பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. கையில் சுற்றும் பட்டை புயத்தின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் தாங்கியிருக்க வேண்டும். நடுவில் பேச்சு கூடாது. கையை மடியில் வைத்து அளந்தால் மேல் அளவு சுமார் 4 மில்லிமீட்டரும், பக்கத்தில் தொங்கவிட்டு அளந்தால் 6 மில்லிமீட்டருக்கு மேலும் கூடுதலாகக் காட்டும் என்று 2024-இல் ஓர் ஆய்வு அளந்தே சொல்லியிருக்கிறது. 140-ஐ எல்லையாகக் கொள்ளும் இடத்தில், 137 உள்ள ஒருவரை 141 என்று எழுதினால் அவர் நோயாளி ஆகிவிடுகிறார். வாழ்நாள் மருந்து பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது.

வெளியே வரிசை நிற்கிறது, உள்ளே கைபேசி அடிக்கிறது, அந்த நேரத்திலும் ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைக்காத செவிலியர்களே, உங்களுக்கு என் வணக்கம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையால் அளந்து எழுதும் இடங்களில் எண்கள் 0-இல் முடிவது வழக்கம்: 130, 140, 150. மனிதக் கண்ணுக்கு முழு எண்கள்மேல் ஒரு சபலம். தரவுகளைப் புரட்டும்போது 142, 136, 128 என்று உங்கள் கையெழுத்தில் பார்க்கையில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைப் புள்ளியியலாளர்கள் தவிர வேறு யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

அந்தப் புள்ளியியலாளருக்கும் நன்றி. எங்கள் ஆசைகளுக்கு அவர் ஒருநாளும் இசைந்து கொடுக்கவில்லை. எந்த முடிவை முதன்மையாகப் பார்ப்பது என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு நாங்கள் "இதையும் சேர்த்துப் பார்க்கலாமே" என்று இழுத்தபோதெல்லாம் அந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

பயிற்சியில் நோயாளிகளாக நடித்துத் தந்த தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் பாதிப் பாடம் நடந்திருக்காது. புகையை விடச் சொல்லும் செவிலியரிடம் "இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று நீங்கள் கேட்ட விதத்தில் வகுப்பே திணறியது. பயந்து பேசுபவர்களுக்கு மட்டும் இதமாகப் பேசத் தெரிந்திருந்த பலர், வீம்பாகப் பேசுபவரிடமும் நிதானமாகப் பேசக் கற்றது உங்களால். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பிரிட்டனில் 1951-இல் தொடங்கி 34,000-க்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின்படி, 60 வயதில் புகையை விட்டவர்களுக்குச் சுமார் மூன்று ஆண்டுகளும், 50-இல் விட்டவர்களுக்கு ஆறும், 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பதும் ஆயுளில் கூடுகின்றன. (அத்தனை மருத்துவர்கள் கேள்வித்தாளை நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு. எங்கள் மருத்துவ நண்பர்களிடமிருந்து ஒரு படிவத்தைத் திரும்பப் பெற நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.)

தங்கள் வேலையில் ஒரு பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்க இசைந்த மருத்துவர்களை மறக்க முடியாது. எல்லோரும் உடனே இசையவில்லை. "சுகாதாரப் பணியாளர் கோட்டைவிட்டால் பொறுப்பு யாருக்கு?" என்று கேட்டவர்களுக்கு நான் கூடுதலாகவே நன்றி சொல்வேன். எந்த அளவுக்கு மேல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்ற விதிகள் தெளிவாக எழுதப்பட்டது அவர்கள் கொடுத்த நெருக்கடியால்தான். இந்த வழி பலன் தரும் என்பதற்கு வலுவான சான்றுகள் இருந்தன. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் கிராமப்புறங்களில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வீடு தேடிச் சென்ற சுகாதாரப் பணியாளர்களின் பங்களிப்புடன் மேல் அளவு ஒப்பீட்டுக் குழுவைவிட 5 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. சீனாவில் 326 கிராமங்களில் நடந்த ஆய்வில், கிராம மருத்துவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் தந்ததில், மூன்று ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. சான்று இருப்பது வேறு, தன் மேசையிலிருந்து வேலையை நகர்த்தி வைப்பது வேறு. நகர்த்தினீர்கள்.

நிதி தந்தவர்களுக்கும், ஒப்புதல் வழங்கிய அறநெறிக் குழுவுக்கும், இரத்த மாதிரிகள் கெடாமல் கொண்டுசேர்த்த ஓட்டுநர்களுக்கும், ஆய்வகத்தாருக்கும், ஒவ்வொரு படிவத்தையும் இருமுறை தட்டச்சு செய்து ஒப்பிட்டவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

கற்பித்தவர்களிடமும் ஒரு பழைய கடன் இருக்கிறது. 1968-இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் மகார்ஸ்கா நகரில், இதயநோய்த் தடுப்பு ஆய்வைக் கற்றுத்தரும் பத்து நாள் பயிலரங்கு ஒன்று தொடங்கியது. இத்துறையின் முன்னோடிகளான ஜெஃப்ரி ரோஸ், ஜெரிமையா ஸ்டாம்லர் போன்றவர்கள் இளம் மருத்துவர்களுடன் தங்கிப் பாடம் நடத்தினார்கள். அந்தப் பயிலரங்கு பிறகு நாடு நாடாகச் சென்று நடந்தது. சமுதாயத்துக்குப் பெரிய நன்மை தரும் தடுப்பு நடவடிக்கை, அதில் பங்குபெறும் தனி மனிதருக்குப் பெரும்பாலும் சொற்பமான நன்மையே தரும் என்பது ரோஸ் வலியுறுத்திய கருத்து. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர் வாசலில் என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். ரோஸைப் படிக்காமலே கேட்டார்.

முடிவுகள் இப்போது துறை வல்லுநர்களின் பரிசீலனையில் இருக்கின்றன. அது முடியும் முன் எண்களைச் சொல்வது முறையல்ல என்பதால் இங்கே எதையும் சொல்லவில்லை. வெளியானதும் எளிய தமிழில் ஒரு சுருக்கம் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும், விலகியவர்களுக்கும் சேர்த்தே, அனுப்பப்படும். ஆய்வு முடிந்தது என்பதற்காக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். உங்கள் அளவுகள் எழுதிய அட்டையை அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒப்பீட்டுக் குழுவினருக்கு வாக்களித்தபடி, அதே ஆலோசனைச் சந்திப்புகள் இனி உங்களுக்கும் உண்டு. அழைப்பு வரும். இந்த முறை "எனக்கு எதற்கு?" என்று கேட்க வேண்டியிருக்காது.

நன்றியுடன்,
ஆய்வு, பயிற்சிக் குழுவின் சார்பில்
ஒருங்கிணைப்பாளர்