உடம்பு சரியில்லாத குழந்தை வீட்டில் இருக்க வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு நோய்க்கால விடுப்பு விதி, விடுப்பு நாட்களுக்கான உணவு, மருத்துவத் தொடர் கவனிப்பு ஆகியவற்றைக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மழைக்காலத்தில் எங்கள் பள்ளியில் பொன்னுக்கு வீங்கி பரவியது. முதலில் இரண்டாம் வகுப்பில் ஒரு பையனுக்குக் கன்னம் வீங்கியது. மறுநாளும் அவன் பள்ளிக்கு வந்தான். வரக்கூடாது என்று சொல்ல ஆசிரியரிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. சில வாரங்களில் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது, அப்புறம் வீட்டில் இருந்த தம்பி தங்கைகளுக்கும் தொற்றியது.

அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசிகளில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போட எங்கள் ஊரில் பெரும்பாலோருக்கு வசதி கிடையாது. ஆகவே நோய் வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதுதான் எங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு.

சின்னம்மை என்றால் ஊரே பழகிய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டிவிடுவோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே அனுப்பமாட்டோம். அதிலும் ஒரு குறை உண்டு. ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ தண்ணீர் ஊற்றியதும் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம், கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டியதா என்று பார்ப்பதில்லை. பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தெரிந்ததிலிருந்து 5 நாள் தள்ளி இருக்க வேண்டும் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு கிராம சுகாதார செவிலியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கை, கால், வாயில் கொப்புளம் வரும் காய்ச்சலுக்கும், கண்வலிக்கும் எத்தனை நாள் என்று தெரியாத இதே நிலைதான்.

ஐயா, தெரியாமை மட்டும் காரணம் அல்ல. எங்கள் பகுதியில் பல பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். காலையில் முதலமைச்சரின் காலை உணவும், மதியம் முட்டையோடு சத்துணவும் பள்ளியில்தான் கிடைக்கின்றன. பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த இரண்டு வேளைச் சோறும் போய்விடும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து, நெற்றி கொஞ்சம் குளிர்ந்ததும் பையை மாட்டி அனுப்பும் பாட்டியை நாங்கள் குறை சொல்லமாட்டோம். பத்து மணிக்கு மாத்திரையின் வேகம் தணிந்ததும் பிள்ளை வராந்தாவில் சுருண்டு படுத்துவிடுகிறது. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளியில், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை.

அதனால் எங்கள் முதல் கோரிக்கை, சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து ஒரே ஒரு பக்கத்தில் எழுதிய விதி. எந்த நோய்க்கு எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும், மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகுதான் வர வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் எளிய தமிழில், படத்தோடு, எல்லாத் தொடக்கப் பள்ளிச் சுவரிலும் இருக்க வேண்டும். அந்த நாட்களுக்காகப் பிள்ளையின் வருகையைப் பற்றி ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கேள்வி எழக்கூடாது. மருத்துவச் சான்றும் கேட்கக்கூடாது, அதை வாங்கவே ஒரு நாள் கூலி போய்விடும்.

எழுதிய விதி இருந்தால் நடக்கும் என்பதைக் குடற்புழு நீக்க நாளில் பார்க்கிறோம். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று அல்பெண்டசோல் என்னும் பூச்சி மாத்திரையைக் கொடுக்கக்கூடாது, விடுபட்டவர்களுக்கு வேறொரு நாளில் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஆசிரியர்கள் அப்படியே செய்கிறார்கள்.

உணவில்லாமல் அந்த விதி நிற்காது. நோயால் வீட்டில் இருக்கும் பிள்ளையின் பங்கை வீட்டிலிருந்து ஒருவர் வந்து பாத்திரத்தில் வாங்கிப்போக அனுமதி வேண்டும். இது புதிதாகக் கேட்பதல்ல. 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியிருந்தபோது சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வாங்கிப்போகக் கிடைத்தன. ஊருக்கே செய்ததை நோயில் கிடக்கும் நாலைந்து பிள்ளைகளுக்குச் செய்ய முடியும் என்று நம்புகிறோம்.

ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி நோய் தெரிந்தால், தலைமை ஆசிரியர் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனில் சொல்லவும், மறுநாளே செவிலியர் வந்து பார்க்கவும் உத்தரவிட வேண்டும்.

நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வந்து கண், பல், காது, இதயம் எல்லாம் பார்க்கிறது. நல்ல வேலை, மனமார நன்றி சொல்கிறோம். ஆனால் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு பல வீடுகளில் அலமாரியிலேயே கிடக்கிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, எந்த வார்டு, எந்த நாள் என்று தெரியாமல் ஒரு பாட்டி எப்படிப் போவார்? சீட்டு பெற்ற பிள்ளைகளை மாதத்தில் ஒரு நாள் சேர்த்து அழைத்துப்போக ஒரு வண்டியும், கூடவே வர ஒரு செவிலியரும் கிடைத்தால் போதும். வலிப்பு, வீசிங் உள்ள பிள்ளைகளின் மருந்தைப் பள்ளியில் யார் வைத்திருப்பது, யார் கொடுப்பது என்பதையும் அந்த ஒரு பக்க விதியிலேயே சேர்த்துவிடலாம்.

இரண்டு துறைகளையும் ஒரே மேசைக்கு அழைக்கத் தங்களால் முடியும் என்பதால்தான் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் வந்து இம்மனுவைத் தருகிறோம். அக்டோபரில் பருவமழை தொடங்கும் முன், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளுக்குள் இந்த விதி பள்ளிகளுக்கு வந்து சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)