வாளையார் லாரி வரிசை

கஞ்சிக்கோடு

அன்புள்ள நண்பா,

உன் புதிய குழு, வேகம் வேண்டும் என்பவர்களும் விதிமுறை வேண்டும் என்பவர்களுமாக இரண்டுபட்டு நிற்பதாக எழுதியிருந்தாய். நான் இதில் மத்தளம் போல் இருபுறமும் இடிபட்டவன்.

எங்கள் பில் மென்பொருளில், வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை வரிக்கணக்கு மாற்றமொன்றை இன்னொருவர் கண்ணில் காட்டாமலே ஏற்றிவிட்டோம். ஏற்றச் சொன்னவன் நான்தான். திங்கட்கிழமைக்குள் இருநூறு பில்கள் தவறான வரியோடு போயிருந்தன. சூடு கண்ட பூனையாக, அதன்பின் எந்த மாற்றத்துக்கும் மூவர் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தேன். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த நான்கு நாள் ஆயிற்று. அதைவிட மோசம், மற்ற இருவர் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் மூவருமே படிக்காமல் ஒப்புதல் அளித்துவந்ததுதான்.

கோவை விடுதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையார் சாவடியில் நிற்கும் லாரிகளை பஸ்ஸிலிருந்தே எண்ணுவாயே, நினைவிருக்கிறதா? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வரிச்சாவடி போயிற்று. ஆனால் சோதனை போய்விடவில்லை. 2018 ஏப்ரல் முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டுவதென்றால், லாரி புறப்படும் முன்பே, சரக்கு விவரத்தை இணையத்தில் பதிந்து பெறும் சீட்டான இ-வே பில் எடுத்தாக வேண்டும். வழியில் சிலவற்றை மட்டும் நிறுத்திப் பார்க்கிறார்கள். அந்த இ-வே பில்லோடு தினமும் மாரடிக்கும் எனக்கே, எங்கள் வேலையிலும் சாவடியை நடுச்சாலையில் வைத்துக்கொண்டு லாரியைத் திட்டுகிறோம் என்பது வெகுநாள் உறைக்கவில்லை.

இப்போது, பணத்தையும் வரியையும் தொடும் மாற்றமென்றால், எழுதத் தொடங்கும் முன்பே இன்னொருவரோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும். முடிந்ததும் சரிபார்ப்பவரும் அவர் ஒருவரே. வெள்ளி மதியத்துக்குப் பின் எதையும் ஏற்றுவதில்லை. பிழையானால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம் என்பவை, எழுதியவர் பொறுப்பில் அன்றே போகும். எது எந்த வகை என்பதில் சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பில்லின் எழுத்துருதானே என்று ஒரு தம்பி மாற்றியதில், மலையாள எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக அச்சாகி, பாலக்காட்டுக் கடைக்காரர்களிடம் நான் பேச்சு வாங்கினேன்.

உன் குழுவில் எந்தெந்த வேலை யாருடைய ஒப்புதலுக்காக எத்தனை நாள் கிடக்கிறது என்று இரண்டு வாரம் குறித்து வை. பாலக்காட்டுச் சித்தூரின் கொங்கன்படைத் திருவிழாவுக்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் எடுத்து வா. கொங்கு நாட்டு அரசன் தோற்றதைக் கொண்டாடும் திருவிழாவுக்கு, கொங்கு நாட்டுப் பொள்ளாச்சிக்காரனான உன்னை அழைப்பது சரியா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்