ஓட்டே இல்லாத அந்த 72 வருஷத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் நம் டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கத்து நகரசபை வார்டுகளில் யார் யார் ஜெயித்தார்கள் என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். உழைத்துத் தொகுத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அது 1996 ஜூன் 26 தேர்தலில்தான் ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் ஒரு வரி கூட இல்லை. அப்படி விட்டால் இன்றைய பிள்ளைகள், நம்மவர்கள் அதுவரை டர்பன் நகரசபையைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

நடந்தது வேறு. டர்பன் இருக்கிற தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1896 சட்டம் வந்து இந்தியர்கள் புதிதாகச் சட்டசபை வாக்காளர் ஆகும் வழியை அடைத்தது. 1894-லிருந்தே காந்தியும் நேட்டால் இந்தியன் காங்கிரஸும் மனு மேல் மனு போட்டும் தடுக்க முடியவில்லை. நகரசபை ஓட்டு மட்டும் கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு மிச்சம் இருந்தது. 1924-இல் மாகாணச் சட்டம் ஒன்று கொண்டுவந்து, சட்டசபை ஓட்டுக்குத் தகுதி இல்லாதவருக்கு நகரசபை ஓட்டும் கிடையாது என்று அதையும் மூடிவிட்டார்கள்.

என் தாத்தா கார்ப்பரேஷனில் ரோடு பெருக்கினவர், குடியிருந்தது கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில். அங்கே இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள்தான் ஊரைச் சுத்தமாக வைத்திருந்தவை, அந்த ஊரின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை, 1960-களில் அவர்களைப் பேரக்ஸை விட்டு சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிய போதும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் இந்தியர் பகுதிகளுக்கு என்று உள்ளூர் விவகாரக் குழு வைத்தார்கள். அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், முடிவு எடுப்பது வெள்ளையர் கவுன்சில்.

1984 ஆகஸ்ட் தேர்தல் நகரசபைக்கு நடந்தது இல்லைதான், ஆனாலும் அதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி சபை வைத்த மூன்று அறை நாடாளுமன்றத்தில் இந்தியர் சபைக்கு நடந்த அந்தத் தேர்தலில் சாட்ஸ்வர்த்தின் அரீனா பார்க் தொகுதியில் அரசியல்வாதி அமிச்சந்த் ராஜ்பன்சி ஜெயித்தார், சரி, ஆனால் நாடு முழுக்கப் பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்ததும் ஒரு தீர்ப்புதானே!

இன்னொன்று, வார்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2000-இல் ஈதெக்வினியில் (டர்பனை உள்ளடக்கிய இன்றைய மாநகராட்சி) 100 வார்டுகள், 2021-இல் 111. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் எல்லையைத் திருத்துகிறார்கள், அதனால் பழைய எண்ணில் இருந்த தெரு இன்று வேறு எண்ணில் கிடக்கிறது. தெருப் பெயரோடு போட்டால்தான் படிக்கிறவர்களுக்குத் தங்கள் வார்டு எது என்று தெரியும்.

என் அம்மா முதல் தடவையாக நகரசபைக்கு ஓட்டுப் போட்டது 1996-இல், அறுபது வயதுக்கு மேல். பட்டியலை மறுபடி போடும்போது முதல் வரியில் 1924 என்று எழுதி, எதிரே 'ஓட்டு பறிக்கப்பட்டது' என்று தயவுசெய்து போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்