கடைசி பெஞ்சிலிருந்து கோமதிக்கு

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். என்னவென்று கேட்டார் இவர். "கோமதி மகளோட யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போறாளாம்" என்றேன். "அவ போனாலும் போவா" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். உன்னைப் பற்றி எவ்வளவு நல்ல அபிப்பிராயம் பார்!

நிலா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள், என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்கிறாள், மாறுவேஷம் போட்டாவது அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும்போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நீ விளையாட்டாகச் சொல்வதை நிஜமாகவே செய்துபார்த்த அம்மாக்கள் உண்டு.

2021 ஜூன் முதல் தேதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் எலிசாரியோ என்ற ஊர். 30 வயது அம்மா ஒருத்தி, தன் 13 வயது மகளாக வேஷம் போட்டுக்கொண்டு மகள் படிக்கும் பள்ளிக்குப் போனாள். தலைமுடிக்குச் சாயம், தோலுக்கு நிறப்பூச்சு, கண்ணாடி. கொரோனாக் காலமாதலால் முகக்கவசம் வேறு. பாதி வேஷத்தை அதுவே பார்த்துக்கொண்டது. ஆளும் ஐந்தடிக்குள்தான். மகளின் அடையாள எண்ணைச் சொல்லி உள்ளே நுழைந்தவள், ஒவ்வொரு வகுப்பாகப் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறாள். நடுவில் ஓர் ஆசிரியர் அவளைக் கவனித்ததும் உண்டு. எதற்கு? போனை உள்ளே வை என்று சொல்ல. கடைசி பீரியடில்தான் அகப்பட்டாள்.

பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடக்கும் நாட்டில் பாதுகாப்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று காட்டத்தான் அப்படிச் செய்தேன் என்று வீடியோ போட்டாள். சில நாளிலேயே கைது. அத்துமீறி நுழைந்ததாகவும் அரசு ஆவணத்தில் பொய்த் தகவல் கொடுத்ததாகவும் வழக்கு.

அவள் கேட்ட கேள்வியில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. வழியில் எத்தனை பெரியவர்கள் அவளைத் தாண்டிப் போயிருப்பார்கள்! ஆனால் நானும் ஆசிரியத் தொழிலில் இருப்பவள். எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பெயர் வாசிக்கும்போது எங்கள் கண் பதிவேட்டில் இருக்கும். "பிரசன்ட் மிஸ்" என்று ஒரு குரல் கேட்டதும் பேனா ஒரு கோடு போடும், அடுத்த பெயருக்கு நகரும். குரல் வந்த திசையில் யார் என்று நிமிர்ந்து பார்ப்பது எப்போது? குரல் வராதபோது மட்டும்தான். சட்டம் அந்த அம்மாவை என்ன செய்ததோ செய்யட்டும், எனக்கு அந்தக் கடைசி பீரியட் ஆசிரியரைத்தான் பிடித்துப்போனது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணை வைத்து, இவள் அவள் இல்லை என்று கண்டுபிடித்தாரே!

(இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. 1993-ல் ஸ்காட்லாந்தில் 30 வயது ஆள் ஒருவர், தான் சின்ன வயதில் படித்த அதே பள்ளியில் வேறு பெயரில் மறுபடி மாணவனாகச் சேர்ந்தார். அவருக்கு முன்பு பாடம் நடத்தியவர்கள் சிலர் அங்கேயே வேலையில் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. நன்றாகப் படித்து மருத்துவம் படிக்கவே போய்விட்டார். 1995-ல்தான் குட்டு வெளிப்பட்டது.)

இன்னொரு அம்மா கதை அவ்வளவு சிரிப்பாக இல்லை. 2008, விஸ்கான்சின் மாநிலம். 33 வயதுப் பெண் ஒருத்தி, வேறு மாநிலத்தில் பாட்டி வீட்டில் இருந்த தன் 15 வயது மகளின் பெயரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகம் ஊட்டும் மாணவிகளின் குழுவில் இடம் பிடித்தாள், பயிற்சிக்குப் போனாள், பயிற்சியாளர் வீட்டு நீச்சல்குள விருந்துக்கும் போனாள். வகுப்புக்குப் போனது என்னவோ ஒரே ஒரு நாள். பிடிபட்டபோது, தனக்குச் சின்ன வயதில் கிடைக்காததை அடைந்துவிட வேண்டும், பள்ளிப் படிப்பை முடித்துவிட வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னாள். நீதிமன்றம் மனநலக் குறைவு என்று கண்டு சிகிச்சைக்கு அனுப்பியது. வேடிக்கைச் செய்தியாகத்தான் அப்போது உலகம் சுற்றியது. எனக்கு அந்த நீச்சல்குள விருந்துதான் மனசில் நிற்கிறது. 33 வயதில் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தண்ணீரில் இறங்கி நின்றவளுக்கு அந்த நேரம் என்ன தோன்றியிருக்கும்?

இந்த இரண்டு அம்மாக்களிடமும் ஒரு விஷயத்தைக் கவனித்தாயா? இரண்டு பேரும் மகள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். அப்படிப் போனதால், அவர்கள் பார்த்த பள்ளிக்கூடத்தில் மகள் இல்லை. நீ நிலாவாக உள்ளே போனால் நிலாவைத் தவிர எல்லாரையும் பார்க்கலாம். யார் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவள் அங்கே இருந்தால்தானே நடக்கும்? அப்புறம், விஷயம் வெளியே வந்த மறுநாள் அதே வகுப்புக்குப் போக வேண்டியவள் நீ இல்லை, அவள். டெக்சாஸ் செய்தியில் எல்லாரும் அம்மாவைப் பற்றியே பேசினார்கள். அந்த 13 வயதுப் பெண்ணை யார் நினைத்தார்கள்?

அனுமதியோடு போனவர்களும் இருக்கிறார்கள். பின்னாளில் திரைப்பட இயக்குநரான கேமரன் குரோ, 22 வயதில் சான் டியேகோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முதல்வருக்குச் சொல்லிவிட்டு மாணவனாக இருந்து எழுதினார். 2018-ல் வெளியான தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக ஏழு பேர் கான்சாஸில் மாணவர்களாக நடித்தார்கள். எல்லாரும் இருபதுகளில் இருந்தவர்கள். நம் வயசுக்கு ஆகாது, விடு.

எனக்கு உபயோகமாகப் பட்டது வேறொன்று. 2014-ல் அமெரிக்க ஆசிரியை ஒருவர் வேஷம் எதுவும் போடாமல் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பின்னால் ஒரு நாள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பின்னால் ஒரு நாள் என்று எல்லா வகுப்புக்கும் போய் உட்கார்ந்தார். அவர்கள் எழுதினால் இவரும் எழுதினார், அவர்களுக்குத் தேர்வு என்றால் இவருக்கும் தேர்வு. முதலில் அவருக்கு உறைத்தது, சும்மா உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு களைப்பு என்பதுதான். அப்புறம், பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பேச இடமே இல்லை என்பது. நாளெல்லாம் 'பேசாதே, கவனி' என்று கேட்டுக் கேட்டு, தாம் ஒரு தொந்தரவு என்றே தோன்றிவிடுகிறது என்றும் எழுதியிருந்தார்.

அதைப் படித்த சூட்டில் தலைமையாசிரியையிடம் கேட்டு, நானும் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காலைக் கொஞ்சம் அசைத்தால் முட்டி மேஜையின் அடிப்பலகையில் இடிக்கிறது. மேஜையில் காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள். அதில் ஒன்று இரண்டு எனக்கே தெரிந்த பெயர்கள். முதல் பீரியடில் பிள்ளைகள் எல்லாரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள், ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது பீரியடுக்குள் என்னை மறந்தே போனார்கள். இதற்கு எதற்கடி வேஷம்? வரலாறு வகுப்பு எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்காதே. நடத்தியவர் நன்றாகத்தான் நடத்தினார், என்னால்தான் கேட்க முடியவில்லை.

அன்றைக்கு நான் கவனித்தது சுவரோரம் இருந்த ஒரு பெண்ணை. காலையில் பெயர் வாசித்தபோது பதில் சொன்னாள். அதற்குப் பிறகு சாயங்காலம் மணி அடிக்கும்வரை அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. யாரும் கேலி செய்யவில்லை, வம்புக்கு இழுக்கவில்லை. இடைவேளையில் பென்சில் சீவினாள். சீவி முடித்து, முனையை விரலால் தொட்டுப் பார்த்து, உடைத்துவிட்டு, மறுபடி சீவினாள். மதிப்பெண் எல்லாம் நன்றாகவே வாங்குகிறவள். அவளுடைய ரிப்போர்ட் கார்டை எடுத்தால் 'அமைதியான மாணவி' என்று பாராட்டாகவே எழுதியிருக்கும்.

வீட்டுக்குப் போனதும் அவள் அம்மா "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டிருப்பாள். இவள் "ஒண்ணுமில்ல" என்றிருப்பாள். அது பொய்யா சொல்? அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் நடக்கவில்லை.

நிலா சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ பெரிதாக ஒன்றை மறைக்கிறாள் என்றே நீ எடுத்துக்கொள்கிறாய். மறைக்கலாம். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. உடம்பில் காயம், சாப்பாடு இறங்காமல் போவது, காலையில் கிளம்பவே அழுகை என்று ஏதாவது இருந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் பள்ளிக்குப் போய்ப் பேசு. அப்படி எதுவும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவள் சொல்வதை அப்படியே நம்பிப் பார். காலையிலிருந்து மாலைவரை யாரும் தன்னிடம் எதையும் கேட்காத ஒரு நாளைப் பற்றி அவள் உன்னிடம் என்னவென்று சொல்வாள்? நீ மாறுவேஷத்தில் போயிருந்தாலும் சண்டை எங்கே, அழுகை எங்கே என்றுதான் தேடியிருப்பாய். பென்சில் சீவுவது கண்ணில் பட்டிருக்காது.

பெற்றோர் கூட்டம் வருகிறது என்றாயே, மதிப்பெண் பேச்சை முதலிலேயே எடுக்காதே. இடைவேளையில் நிலா யாரோடு இருப்பாள் என்று வகுப்பாசிரியையிடம் கேள். உடனே ஒரு பெயர் வந்தால் நல்லது. "எல்லாரோடும் நல்லாப் பழகுவா" என்று பொதுவாகச் சொன்னால், அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். எங்கள் பாஷை எனக்குத் தெரியாதா? கேட்டுவிட்டாயானால் மறுநாளிலிருந்து அவர் கவனிப்பார், அதுவே போதும்.

அந்தச் சுவரோரப் பெண்ணுக்கும் வகுப்பிலேயே பெரிய வாயாடிக்கும் சேர்த்து, நோட்டுகளை அடுக்கி எடுத்து வரும் வேலையைக் கொடுத்திருக்கிறேன். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வாயாடி பேசுகிறாள், இவள் தலையாட்டுகிறாள். போன வாரம் ஒரு தரம் இவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் அடுத்த கதைக்குப் போய்விட்டாள். பார்க்கலாம்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். பெரியவன் விடுதியிலிருந்து போன் செய்தால் பணம் என்று அர்த்தம். எனக்குக் கழுத்துவலி, இவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். இந்த வருஷம் பத்தாம் வகுப்பையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். விடுமுறையில் நிலாவையும் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் முன்னாலேயே எழுது. விடைத்தாள் திருத்தும் வாரத்தில் மட்டும் வந்துவிடாதே, உன்னையும் உட்காரவைத்துக் கூட்டல் போட வைத்துவிடுவேன்.

அன்புடன்,
சரோஜா