குளிர்காலச் சைக்கிள் பயணம்: சனிக்கிழமை சந்திப்பு

ரொறன்ரோ சைக்கிள் நண்பர்களுக்கு வணக்கம். 2026 நவம்பர் 1 அதிகாலை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகிறது. அப்புறம் வேலை முடிந்து வரும்போது இருட்டுத்தான். அதனால் ஒக்டோபர் 24 சனி காலை 10 மணிக்கு ஸ்காபரோ தாம்சன் மெமோரியல் பார்க்கில் கூடுவோம்.

1. முன்னால் வெள்ளை லைற், பின்னால் சிவப்பு லைற் பூட்டி வாருங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி சூரியன் மறைய அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே எரிய வேண்டும்.
2. வீதி உப்பு செயினை அரித்துவிடும். துடைத்து எண்ணெய் விடும் முறையை அன்று காட்டுகிறோம்.
3. பாலங்களில்தான் ஐஸ் முதலில் பிடிக்கும். அங்கே சடுதியாக பிரேக் பிடிக்காதீர்கள்.

குளிர் வருகிறதென்று சைக்கிளை இப்போதே கராஜுக்குள் தள்ளிவிடாதீர்கள். இலைகள் சிவந்திருக்கும் இந்த நாட்களில் டொன் பள்ளத்தாக்கு வழியே காலையில் போகும் சுகம் பஸ்ஸில் கிடைக்காது.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரைப் பதியுங்கள். லைற் இல்லாதவர்கள் அதையும் சொல்லுங்கள், சேர்த்து வாங்கலாம்.