'அலுங்காத குலுங்காத சைக்கிள் பயணம்' என்று விற்ற இங்கிலாந்து பேக்கேஜ் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, திருச்சி கிளை

பொருள்: இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் 6 நாள் சைக்கிள் பயணம், 'பி' பேக்கேஜ், இரண்டு பேர் – பணம் திருப்பிக் கேட்டு ஐந்தாவது கடிதம்

ஐயா,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் ஒரே பதில்தான்: "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது." மூன்று தடவை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முதல் தடவை மேனேஜர் லீவு. இரண்டாவது தடவை மீட்டிங். மூன்றாவது தடவை போனால், அவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். புதிதாக வந்திருப்பவர் நீங்கள் என்றால் உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. இதை முழுசாகப் படித்துவிடுங்கள், அது போதும்.

வழி காட்ட நீங்கள் கொடுத்த மூன்றாம் நாள் தாளில் 14-ஆம் குறிப்பு இருக்கிறதே, அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதுதானே. 'ஆற்றை ஒட்டிய பாதையில் கேட்டைத் தாண்டி அப்பர் ஸ்லாட்டர் செல்லவும்.' அந்தக் கேட்டை நீங்கள் யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? ஆடு மாடு போகாமல், ஆள் மட்டும் உடம்பைத் திருப்பி நுழைகிற மாதிரி வைத்த ஊசல் கதவு அது. சைக்கிளின் முன்சக்கரம் உள்ளே போனால் பின்சக்கரம் வெளியே நிற்கும். தலைக்கு மேல் தூக்கித்தான் தாண்டினேன். எனக்கு வயது 61. எதிரே நாயோடு வந்த ஒரு அம்மா, "மன்னிக்கவும், இது நடப்பவர்களுக்கான பாதை" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நாட்டில் குதிரைப் பாதையில் சைக்கிள் போகலாம் என்று 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. நடைபாதையில் ஓட்ட அந்த உரிமை கிடையாது. விசாரித்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த விஷயம், பேக்கேஜ் போட்டு விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

சரி, அது போகட்டும். உங்கள் உதவி எண்ணில் பேசிய பையன் விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அன்று மதியமே என் பின்சக்கரம் பஞ்சர். செப்டம்பர் மாதம். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்று முட்செடி வேலியை வெட்டவிட மாட்டார்கள். செப்டம்பர் பிறந்ததும் விவசாயிகள் வெட்டத் தொடங்குகிறார்கள், முள்ளெல்லாம் சந்துச் சாலையில்தான் விழுகிறது. செப்டம்பருக்கு ஆள் சேர்க்கும்போது இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். ட்யூபைக் கழற்றி, தேய்த்து, பேட்ச் ஒட்டுவது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதை ரோட்டோரத்திலேயே முடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்த பம்பின் வாய் கார் வால்வுக்கானது. ட்யூபில் இருந்ததோ பிரெஸ்டா வால்வு. பென்சில் மாதிரி ஒல்லியாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். அதில் இந்தப் பம்பை வைத்தால் 'புஸ்' என்று காற்று வெளியே போகிறதே தவிர உள்ளே ஒரு பொட்டு போகவில்லை.

உங்கள் 24 மணி நேர உதவி எண்ணுக்கு அழைத்தேன். பதினெட்டு நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் வந்த பையன் கேட்டது இது: "சார், காத்து அடிக்கக்கூடத் தெரியாமத்தான் சைக்கிள் டூர் கிளம்பினீங்களா?"

ஐயா, நான் முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம்கூட நான் அப்படிப் பேசியது கிடையாது. குரங்கு பெடலில் ஆரம்பித்து இன்று காலை வரை சைக்கிள் ஓட்டுகிறேன். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒரு சுற்று. என்னைப் பார்த்துக் காற்று அடிக்கத் தெரியாதா என்கிறான்!

அதோடு விட்டானா? "நாளைக்குக் காலைல மோர்ட்டன்ல நம்ம பார்ட்னர் கடை திறந்திருக்கும், போய் மாத்திக்கோங்க" என்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் தங்கியிருந்த போர்ட்டன்-ஆன்-தி-வாட்டரிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு எட்டு மைல். டாக்ஸிக்குச் சொல்லி, சக்கரத்தைக் கழற்றி மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். கடைக் கதவில் அட்டை தொங்குகிறது: ஞாயிறு விடுமுறை. ஒரு மணி நேரம் அந்த வாசலில் நின்றேன். திரும்ப அழைத்தால் அதே பையன், "அது லோக்கல் பார்ட்னர் விஷயம் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." போக வர டாக்ஸிக்கு 70 பவுண்டு. ரசீது இணைத்திருக்கிறேன்.

கடைசியில் யார் காப்பாற்றினார்கள் தெரியுமா? நாங்கள் தங்கியிருந்த விடுதிக்காரர். சமையலறை டிராயரைத் துழாவி, குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பித்தளைத் துண்டை எடுத்தார். பிரெஸ்டா வால்வு மேல் அதைத் திருகினால் உங்கள் பம்பு கச்சிதமாக உட்காருகிறது. இரண்டு நிமிஷத்தில் காற்று நிரம்பிவிட்டது. அதன் விலை ஒரு பவுண்டுகூட இருக்காது என்றார்.

இந்த அலைச்சலில் போனது ஒரு காலைப் பொழுது என்று நினைக்காதீர்கள். போர்ட்டன்-ஆன்-தி-வாட்டரில், அந்த ஊரையே ஒன்பதில் ஒரு பங்கு அளவில் உள்ளூர்க் கல்லாலேயே கட்டி 1937-இல் திறந்த மாதிரிக் கிராமம் இருக்கிறது. அதற்குள் அந்த மாதிரிக்கே ஒரு குட்டி மாதிரி இருக்கும். அதைப் பார்க்க என் மனைவி ஆறு மாதமாகக் காத்திருந்தாள். நான் வந்து சேர்ந்தபோது அடுத்த ஊருக்குக் கிளம்பும் நேரம். என்னைப் பொறுத்தவரை இங்கிலாந்தே போச்சு. நாற்பது வருஷக் கனவு ஒரு வால்வில் போய்விட்டது.

இரண்டாம் நாளை விட்டுவிட்டேன். மோர்ட்டனிலிருந்து ஸ்டோவுக்கு எங்களை ஃபாஸ் வே வழியாக அனுப்பினீர்கள். எக்ஸிடரிலிருந்து லிங்கன் வரை ரோமானியர்கள் போட்ட சாலை அது, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். இன்று அது ஏ429 நெடுஞ்சாலை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் என் மனைவி சைக்கிளை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்திலேயே பிராட்வெல் வழியாக ஆளரவமில்லாத சந்துச் சாலை போகிறது என்று ஸ்டோ போய்ச் சேர்ந்த பிறகு டீக்கடையில் சொன்னார்கள். 'மிதமான கிராமத்துச் சாலைகள் மட்டும்' என்று உங்கள் கையேட்டின் அட்டையிலேயே போட்டிருக்கிறது.

மிதம் என்றதும் பிராட்வே டவர் ஞாபகம் வருகிறது. டவர் நிற்கும் குன்று 312 மீட்டர். கீழே பிராட்வே ஊரிலிருந்து 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நம் மலைக்கோட்டை 83 மீட்டர். இரண்டை அடுக்கினாலும் எட்டாது. உங்கள் ஐந்தாம் நாள் தாளில் இதற்கு 'சிறிய ஏற்றம்' என்று பெயர். அந்த நாட்டு அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தில் 14 சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தால் சாலையில் ஓர் அம்புக்குறி, 20 சதவீதம் தாண்டினால் இரண்டு. உங்கள் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்தடி உயரமுள்ள என் மனைவிக்கு நீங்கள் கொடுத்ததோ பார் வைத்த ஆண்கள் சைக்கிள். சிப்பிங் கேம்டனில் 1627-இல் வெண்ணெய், சீஸ் விற்பவர்கள் நனையாமல் இருக்கக் கட்டிய மார்க்கெட் மண்டபத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். டாக்டர் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். பெட்டிகள் எல்லா ஊருக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. லோயர் ஸ்லாட்டரில் தேன் நிற வீடுகளுக்கு முன்னால் ஓடையை ஒட்டி ஓட்டிய அந்த இருபது நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். (ஸ்லாட்டர் என்ற பெயரைப் பார்த்து என் மனைவி பயந்தாள். வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சேற்று நிலம் என்று பழைய பொருளாம்.) அதனால்தான் இன்னும் பொறுமையாக எழுதுகிறேன்.

கட்டணத்தில் பாதி, டாக்ஸி 70 பவுண்டு, இவற்றைத் தயவுசெய்து 15 நாளுக்குள் என் கணக்கில் செலுத்துங்கள். அந்தப் பையன் போனில் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஓய்வு பெற்றவன், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. அந்த நிலைமை வராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாடிக்கையாளர்,
ஸ்ரீரங்கம்

பி.கு.: பம்பைத் திருப்பித் தரவில்லை என்று 25 பவுண்டு பிடித்திருக்கிறீர்கள். அது என்னிடம்தான் இருக்கிறது. ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும், அதுவரை தர மாட்டேன்.